‘அன்ஃபவுண்டெட்’ என்னும் ஆங்கில அடைமொழி: பொருளும் வழக்கும்

ஒரு மொழியினின்றும் மற்றொரு மொழிக்குக் கருத்தைப் பெயர்ப்போர் அருஞ்சொற்களால் இடர்ப்படுதல் குறைவு. அவற்றின் பொருளை அகராதி காட்டிவிடும். எளியனபோல் தோன்றும் சொற்களே பெரிதும் இடறச் செய்வன. செய்தித்தாள்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அரசாங்கங்களின் மறுப்பறிக்கைகளிலும் அடிக்கடி வரும் ‘அன்ஃபவுண்டெட்’ என்னும் ஆங்கில அடைமொழி அத்தகையது. இதனை ‘அடிப்படையற்ற’ என்று பெயர்ப்பாரும், ‘ஆதாரமற்ற’ என்று பெயர்ப்பாரும், ‘பொய்யான’ என்றெழுதி மேற்செல்வாரும் உளர். இவை ஒருபொருட் சொற்களென மேலோட்டமாகத் தோன்றினும், இறுதியிற் கூறியது ஏனையவற்றோடு ஒவ்வாது. ஒரு குற்றச்சாட்டையோ, வதந்தியையோ, அச்சத்தையோ இவ்வடைமொழியாற் சுட்டும்போது யாது கூறப்படுகின்றது, யாது கூறப்படவில்லை என்பதை வரையறுத்தறிதல் மொழிப்பாடத்திற்கு மட்டுமன்றி உலகியலுக்கும் வேண்டுவதாம். இச்சொல்லின் பொருள்மீது மனிதரின் நல்வாழ்வே தங்கிநின்ற வழக்குகள் உள. அவற்றுட் சிலவற்றில் நம் நாட்டுத் தமிழரே வழக்காளிகளாக நின்றனர். ஆதலின் இச்சொல்லின் பிறப்பையும் பொருளையும் வழக்கையும் முறையே ஈண்டு ஆராய்வாம்.

சொல்லின் பிறப்பு

முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃபவுண்ட்’ என ஒலிக்கும் வினைவடிவங்கள் மூன்றுள. ‘காண்’, ‘கண்டெடு’ எனப் பொருள்படும் ‘ஃபைண்ட்’ என்பதன் இறந்தகால வடிவம் ஒன்று; இது பழைய ஆங்கிலத்துக்கே உரிய சொல். ‘நிறுவு’, ‘அடித்தளமிடு’ எனப் பொருள்படுவது மற்றொன்று. இஃது இலத்தீன் மொழியின் ‘ஃபுண்டாரே’ என்னும் வினையினின்றும் பிரெஞ்சு மொழிவழியாக வந்தது. உலோகத்தை உருக்கி வார்த்தலைக் குறிப்பது மூன்றாவது. ‘ஊற்று’ எனப் பொருள்படும் ‘ஃபுண்டெரே’ என்னும் வேறோர் இலத்தீன் வினை அதன் மூலமாகும். வார்ப்பாலையை ‘ஃபவுண்ட்ரி’ என்பது இதுபற்றியே. மூன்றும் ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் வெவ்வேறானவை.

நாம் ஆராயும் அடைமொழி இவற்றுள் இரண்டாவதன் வழிவந்தது. ‘அன்’ என்பது எதிர்மறை முன்னொட்டு. ஆதலின் இச்சொற்கு ‘அடித்தளம் இடப்படாத’ என்பதே நேர்பொருள். ‘கண்டுபிடிக்கப்படாத’ எனக் கொள்ளுதல் பிழை. சொல்லின் ஈற்றை நோக்கினும் இவ்வேறுபாடு விளங்கும். ‘காண்’ என்னும் பொருளது ‘ஃபவுண்ட்’ என்றே முடியும். ‘நிறுவு’ என்னும் பொருளதோ ‘ஃபவுண்டெட்’ என மற்றுமோர் ஈறு பெறும். கல்லூரி நிறுவப்பட்ட நாளைக் கூறுமிடத்தில் இந்த ஈற்றைச் சேர்த்தெழுதும் மாணவர், அதே வினையின் எதிர்மறையே இவ்வடைமொழியென நினைவிற்கொள்வாராயின் மயங்கார்.

‘ஃபுண்டாரே’ என்பதற்கு முதலாய பெயர்ச்சொல் ‘ஃபுண்டுஸ்’. ‘அடி’, ‘அடித்தலம்’ என்பது அதன் பொருள். இவ்வொரு வேரினின்றும் ஆங்கிலத்திற் கிளைத்த சொற்கள் பல. ஒரு பணிக்கு அடிநிலையாக வைக்கப்படும் நிதி ‘ஃபண்ட்’ எனப்பட்டது. அடிவரை செல்லும் ஆழமுடையது ‘ப்ரொஃபவுண்ட்’ எனப்பட்டது. கப்பல் நீர் நிறைந்து கடலடிக்குத் தாழ்தலை ‘ஃபவுண்டர்’ என்னும் வினை குறித்தது. நிதியும் ஆழமும் கடலடியும் கட்டடத்தின் கடைக்காலும் ‘அடி’ என்னும் ஒரு கருத்தில் வந்து கூடுதல் காண்க.

இக்கருத்துப் பருப்பொருளினின்றும் நுண்பொருளுக்கு ஏறியவாறும் அறியத்தக்கது. மில்ற்றன் 1667ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இழந்த சுவர்க்கம்’ என்னும் காப்பியத்தின் இரண்டாம் காண்டத்தில், நரகத்துக்கு அப்பால் விரிந்த பெரும்பாழை இவ்வடைமொழியாற் குறித்தார். ஆண்டு இதற்கு ‘அடித்தலம் இல்லாத’ என்பதே பொருள். பொய்யென்னும் குறிப்பு அங்கு இல்லை. இதன் இனமாகிய ‘கிரவுண்ட்லெஸ்’ என்னும் சொல்லும் பழைய ஆங்கிலத்தில் அடிகாண இயலாத ஆழத்தையே குறித்தது. காரணமற்றதென்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. ‘பேஸ்லெஸ்’ என்னும் மற்றோர் இனச்சொல்லைச் சேக்ஸ்பியர் தம் ‘டெம்பெஸ்ட்’ என்னும் நாடகத்தில், தோன்றி மறைந்த ஒரு மாயக் காட்சியைத் தாங்குதளமற்ற கட்டடமாக உருவகித்தற்கு ஆண்டார். இம்மூன்று சொற்களும் ஒரே வழியைப் பின்பற்றினமை தெளிவு. நிலத்தையும் ஆழத்தையும் கட்டடத்தையும் பற்றிப் பேசிய சொற்கள் காலப்போக்கில் மனிதரின் கூற்றுகளைப் பற்றிப் பேசலாயின. கூற்றும் ஒரு கட்டடம். அதனைத் தாங்கும் காரணமே அதன் கடைக்கால் என்னும் உவமை அச்சொற்களுள் உறைந்து கிடக்கின்றது.

தமிழும் இவ்வாறே சிந்தித்தது. ‘அடிப்படை’ என்பதில் ‘படை’ என்பது அடுக்கு எனப் பொருள்படும். அடியில் அமைந்த அடுக்கே அடிப்படை. வடமொழியினின்றும் வந்து தமிழில் நிலைபெற்ற ‘ஆதாரம்’ என்பதும் ‘தாங்குவது’ என்னும் பொருளுடையது. அது தாங்குதளத்தையும் சான்றினையும் ஒருங்கே குறித்து வழங்குதல் நாமறிந்ததே. ஆகவே ‘அடிப்படையற்ற’, ‘ஆதாரமற்ற’ என்னும் இரு பெயர்ப்புகளும் ஆங்கிலச் சொல்லின் உட்பொருளோடு நன்கு பொருந்துவன. ‘பொய்யான’ என்பது பொருந்தாமைக்குரிய காரணத்தை இனிக் காண்பாம்.

பொருள் வரையறை

ஒரு கூற்றை இருவகையாக ஆராயலாம். அக்கூற்று உண்மையோடு ஒத்துள்ளதா என்பது ஒரு வினா. அதனைக் கூறுதற்குக் கூறுவோன்பாற் போதிய காரணம் உளதா என்பது மற்றொரு வினா. ‘பொய்’ என்னும் சொல் முதல் வினாவுக்கு விடை. ‘அன்ஃபவுண்டெட்’ என்பது இரண்டாவதற்கு விடை. இரண்டும் ஒரே கூற்றிற் சேர்ந்து வருதல் பெரும்பான்மை. எனினும் ஒன்றின்றி மற்றொன்று வருதலும் உண்டு.

ஒருவன் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, அது விழுந்தவாற்றால் நாளை மழை பெய்யும் என்கின்றான் என்க. மறுநாள் மழை பெய்துவிடுகின்றது. அவன் கூற்று மெய்யாயிற்று. ஆயினும் அஃது அடிப்படையற்ற கூற்றே. நாணயத்துக்கும் மழைக்கும் யாதொரு தொடர்புமின்மையின், பெய்த மழை அவன் கூற்றுக்குப் பிற்பாடு கடைக்கால் இடுவதில்லை.

இதன் மறுதலைக்கு அறிவியல் வரலாற்றிலே சிறந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன், உருகிய நிலையிலிருந்த பூமி குளிர்ந்து இன்றைய நிலையை அடைதற்கு எத்துணைக் காலம் செல்லுமென 1862ஆம் ஆண்டிற் கணித்தார். பூமியின் அகவை இரண்டு கோடி ஆண்டுகட்கும் நாற்பது கோடி ஆண்டுகட்கும் இடைப்பட்டதென்பது அவர் முடிபு. அவ்வகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்பது இன்று நிறுவப்பட்டுள்ளது. எனவே கெல்வினின் முடிபு பிழை. பூமியின் உட்பகுதியில் வெப்பம் பரவும் முறைபற்றி அவர் கொண்ட கருதுகோள் பொருந்தாமையும், கதிரியக்கம் அக்காலத்தில் அறியப்படாமையும் அப்பிழைக்குக் காரணங்கள். ஆயினும் அவர் முடிபை அடிப்படையற்றதென எவரும் கூறார். அன்று அறியப்பட்ட பௌதிக விதிகளின்மேல் ஒழுங்காகக் கட்டப்பட்ட முடிபு அது. கடைக்கால் இருந்தது, நிலத்தின் இயல்பே பிறிதாயிருந்தது.

மெய்யாயினும் அடிப்படையற்றது ஒன்று. பிழையாயினும் அடிப்படையுடையது மற்றொன்று. இவ்விரண்டையும் மனத்திற் கொள்வார்க்கு இச்சொல்லின் எல்லை இனிது விளங்கும்.

இவ்விடத்தில் ‘நிறுவப்படாத’ என்பதனையும் வேறு பிரித்தல் வேண்டும். இலங்கையின் 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் தன் மூன்றாம் பிரிவில் இதற்கு நல்லதொரு வழிகாட்டுகின்றது. ஒரு நிகழ்வு நிறுவப்பட்டது, மறுத்து நிறுவப்பட்டது, நிறுவப்படாதது என மூன்று நிலைகளை அது வகுக்கின்றது. முன்னிரண்டிலும் அடங்காததே மூன்றாவது என்பது அதன் வரையறை. நிறுவப்படாதது எனின், பொய்யென முடிந்தது என்பதன்று. இருபுறமும் முடிவு எய்தவில்லை என்பதே. அடிப்படையற்றது என்பது இதனினும் கடியதொரு கூற்று. நிறுவப்படாத கூற்றுக்குச் சில சான்றுகள் இருத்தல் கூடும். அவை போதாமற் போயிருத்தல் கூடும். அடிப்படையற்றதற்கோ, தாங்கத்தக்க சான்று எதுவுமே இல்லை. செய்தியாளர் பெரிதும் வழங்கும் ‘உறுதிசெய்யப்படாத’ என்பது இவற்றினும் மெல்லியது. இன்னும் ஆராய்ந்து முடியவில்லை என்பதற்குமேல் அஃதொன்றும் கூறுவதில்லை.

சைவசித்தாந்தம் பயின்றார்க்கு இவ்வேறுபாடுகள் புதியனவல்ல. சிவஞானபோதத்தின் சூத்திரக் கருத்துகள் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் நிறுவப்படுதலை நாம் அறிவோம். மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. ஏது என்பது அதனைத் தாங்கும் காரணம். ஏதுவின்றித் தனித்து நிற்கும் மேற்கோளே ஆங்கிலத்தில் ‘அன்ஃபவுண்டெட்’ எனப்படுவது. ஏதுவைப்போலத் தோன்றி ஏதுவாகாது ஒழிவதனை மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை ஏதுப்போலியென விரித்துரைக்கும். அத்தகைய போலிக் காரணத்தின்மேல் நிற்கும் வாதத்தைச் சுட்டுதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்பீஷியஸ்’ என்னும் வேறு சொல்லுண்டு. பார்வைக்கு அழகியது என்பது அதன் மூலப்பொருள். ஒருவர் காரணமே கூறாதவிடத்து முன்னையதும், கூறிய காரணம் வெளித்தோற்றத்தாற் கவர்ந்து உள்ளே வெறுமையாகும்போது பின்னையதும் பொருந்தும். ‘ஸ்பூரியஸ்’ என்பது பிறிதொன்று. உண்மையான பிறப்பில்லாதது என்னும் இலத்தீன் மூலப்பொருள்பற்றி, போலி ஆவணங்களுக்கும் பொய்த் தொடர்புகளுக்கும் அது வழங்கும்.

வழக்கு

இவ்வடைமொழி எவ்வெப் பெயர்களோடு புணரும் என்பதனையும் அறிதல் வேண்டும். கூற்று, குற்றச்சாட்டு, வதந்தி, ஐயம், அச்சம், நம்பிக்கை என்றித்தகைய பெயர்களோடு இது வரும். பெயருக்கு முன்னும் நிற்கும், பயனிலையாகவும் நிற்கும். எனினும் மனிதருக்கு அடைமொழியாக வராது. ஒருவருடைய குற்றச்சாட்டு அடிப்படையற்றதாகலாம். அவரை அடிப்படையற்றவர் என ஆங்கிலத்தில் இச்சொல்லாற் கூறுதல் இல்லை. இதன்கண் ஒரு நயமும் உண்டு. பொய் கூறினார் எனின் கூறியவரின் நேர்மை பழிக்கப்படும். கூற்று அடிப்படையற்றதெனின் கூற்றே மறுக்கப்படும். நேர்மையுடையார் ஒருவர் தவறான செய்தியை நம்பி அடிப்படையற்ற கூற்றைக் கூறுதல் இயல்பே. நாகரிகமாக மறுக்க விழைவோர் இச்சொல்லை நாடுதற்கு இதுவே காரணம்.

‘முற்றிலும்’, ‘பெரும்பாலும்’ என்னும் பொருளுடைய சொற்களை முன்னே பெற்று இது அளவுபடவும் செய்யும். கட்டடத்தின் ஒரு பகுதி கடைக்காலின்மேலும் மற்றொரு பகுதி வெறுநிலத்தின்மேலும் நிற்றல் கூடுமன்றோ? இதன் உடன்பாட்டு வடிவம் பெரும்பாலும் ‘வெல்’ என்னும் அடையோடு, ‘நன்கு அடித்தளமிடப்பட்ட’ என்னும் பொருளில் வரும். இரட்டை எதிர்மறையாக, ‘அடிப்படையற்றதன்று’ எனக் கூறுமிடங்களும் உள. ஓர் அச்சம் அடிப்படையற்றதன்று எனின், அஃது ஐயத்துக்கிடமின்றி மெய்யென்பது கருத்தன்று. அஞ்சுதற்குச் சிறிது காரணம் உண்டென்பதே கருத்து.

இச்சொல்லின் வலிமையோடு ஒரு குறைபாடும் உடன்பிறந்துள்ளது. ஒரு செய்தி பொய்யெனச் சாதிப்போர் உண்மை இன்னதெனக் காட்டக் கடமைப்பட்டவர். அடிப்படையற்றது எனக் கூறுவோரோ அக்கடமையினின்றும் தப்பிவிடுதல் கூடும். உண்மை யாதென அவர் கூறவேண்டுவதில்லை, ஆராய்ந்ததாகவும் காட்டவேண்டுவதில்லை, சொல் ஒன்றே மறுப்பாகிவிடும். அதிகாரமுடையோர் நாவில் இச்சொல் அடிக்கடி பயிலுதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணமெனலாம். அடிப்படை தேடிக் காணாமையும் தேடாமையும் வேறு வேறு. இவ்வேறுபாட்டை மறந்தவிடத்து விளைந்தவற்றுக்கு இரு நிகழ்ச்சிகளைக் காட்டுதும்.

காவற்றுறையின் ஏட்டில் இச்சொல்

கனடா நாட்டுக் காவற்றுறையினர், ஒருவர் முறையிட்ட குற்றம் நிகழவுமில்லை, அதற்கு முயற்சியும் நடைபெறவில்லை என விசாரணையால் தெளிந்தவிடத்து அம்முறைப்பாட்டை ‘அன்ஃபவுண்டெட்’ எனப் பதிந்து முடித்தல் வழக்கம். அங்ஙனம் பதியப்பட்ட முறைப்பாடு குற்றக் கணக்கிற் சேராது. ‘குளோப் அண்ட் மெயில்’ என்னும் நாளேடு, 870க்கு மேற்பட்ட காவற்பிரிவுகளின் தரவுகளைத் திரட்டி 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஓர் ஆய்வை வெளியிட்டது. பாலியல் வன்முறைபற்றிய முறைப்பாடுகளுள் ஏறத்தாழ 19 விழுக்காடு, அஃதாவது ஐந்தில் ஒன்று, அடிப்படையற்றதென முடிக்கப்பட்டிருந்தமை அதனால் வெளிப்பட்டது. இவ்விழுக்காடு ஊருக்கூர் பெரிதும் வேறுபட்டது. ஒரு நாட்டு மக்கள் ஓரூரில் மெய்யும் அயலூரிற் பொய்யும் முறையிடுவர் என்பது பொருந்தாது. ஆகவே வேறுபாடு முறையிட்டாரிடத்து மட்டும் இருந்ததென்றல் இயலாது. சொல்லைப் பதிந்தோரிடத்தும் இருந்தது. சான்று போதாத முறைப்பாடுகளும், நன்கு விசாரிக்கப்படாத முறைப்பாடுகளும் நிகழாத குற்றங்களோடு ஒரே சொல்லின்கீழ் அடக்கப்பட்டிருந்தன.

இதன் பின்னர்ப் பல காவற்பிரிவுகள் தம் பழைய ஏடுகளை மீளாய்வு செய்ய முன்வந்தன. அவ்வாறு ஆராய எடுத்துக்கொள்ளப்பட்ட முறைப்பாடுகள் 37,000க்கு மேற்பட்டன. 2003ஆம் ஆண்டோடு இவ்வகைத் தரவுகளை வெளியிடாது விட்டிருந்த கனடாப் புள்ளிவிவரத் திணைக்களம் அவற்றை மீண்டும் திரட்டலாயிற்று. வரையறையும் 2018ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டது. குற்றம் நிகழவில்லை எனக் காட்டும் நம்பத்தகுந்த சான்று இருந்தாலன்றி முறைப்பாட்டை அடிப்படையுடையதாகவே கொள்க என்பது அத்திருத்தத்தின் சாரம். பாலியல் வன்முறை முறைப்பாடுகளுள் அடிப்படையற்றவையெனப் பதியப்பட்டவை 2017ஆம் ஆண்டில் 14 விழுக்காடாகவும் 2018ஆம் ஆண்டில் 11 விழுக்காடாகவும் குறைந்தன. ஒரு சொல்லின் வரையறையைச் செம்மை செய்தமையும், அதனை ஆளுவோர் விழிப்புற்றமையும் இம்மாற்றத்துக்குத் துணையாயின.

அச்சத்தின் அடிப்படை

இனி நம்மவரைத் தொட்ட வழக்கினைக் காண்பாம். அகதிகளின் நிலைபற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1951ஆம் ஆண்டு சூலை 28ஆம் நாள் நிறைவேறியது. இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சார்ந்தமை, அரசியற் கருத்து என்னும் இவை காரணமாகத் துன்புறுத்தப்படுவேன் என்னும் ‘நன்கு அடித்தளமிடப்பட்ட’ அச்சத்தால் தன் நாட்டைவிட்டு வெளியே இருப்பவன் அகதியாவான் என அதன் முதல் உறுப்புரை வரையறுக்கின்றது. அதன் பிரெஞ்சு வாசகம் இவ்விடத்தில் ‘காரணத்தோடு அஞ்சுதல்’ என்னும் பொருள்பட அமைந்துள்ளது. எவ்வாறாயினும் புகலிடத்தின் வாயில் இவ்வடைமொழியின்மீதே பொருத்தப்பட்டுள்ளது. அச்சம் அடிப்படையுடையதெனின் வாயில் திறக்கும், இல்லையெனின் மூடும்.

1987ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்திற் புகலிடம் மறுக்கப்பட்ட இலங்கைத் தமிழர் அறுவரின் வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அச்சத்தின் அடிப்படையை யாருடைய கண்கொண்டு அளப்பது என்பதே வினா. அஞ்சுவோனின் நிலையில் நின்று, நடுத்தர மனத்திட்பமுடைய ஒருவன் அஞ்சுவானா எனக் காண்பதே அளவை என அந்நீதிமன்றம் கருதியது. வங்கிக் காசாளன் ஒருவனை முகமூடியணிந்தவன் கைத்துப்பாக்கி காட்டி மிரட்டுகின்றான். அது விளையாட்டுத் துப்பாக்கியெனச் சிறிது நேரத்தின் பின் தெரியவரினும், காசாளன் கொண்ட அச்சம் அடிப்படையற்றதாகிவிடாது என அங்கு உவமை கூறப்பட்டது.

பிரபுக்கள் சபை 1987ஆம் ஆண்டு திசெம்பர் 16ஆம் நாள் இதனை மாற்றித் தீர்ப்பளித்தது. உள்ளத்தில் அச்சம் இருத்தல் மட்டும் போதாது. திரும்பிச் சென்றால் துன்புறுத்தப்படுதற்கு நியாயமான அளவு வாய்ப்புளதென்பது புறச்சான்றுகளாற் புலப்படுதல் வேண்டும் என்பது அத்தீர்ப்பு. அச்சத்தைத் தணிப்பதன்று, மெய்யாக ஆபத்திலுள்ளோர்க்கு அடைக்கலம் தருவதே உடன்படிக்கையின் நோக்கம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அளவை என்ற முறையில் இதனைக் குறைகூறுதல் எளிதன்று. கடைக்கால் நிலத்தில் இருத்தல் வேண்டுமேயன்றிக் கட்டுவோன் மனத்தில் இருந்தாற் போதாது. ஆயினும் அந்நிலத்தைத் தோண்டிப் பார்ப்பவர் யார் என்னும் வினா எஞ்சியது. அதனைத் துணியும் பொறுப்பு உள்நாட்டமைச்சரிடமே விடப்பட்டது.

அவருள் ஐவர் 1988ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். நாட்டைவிட்டு நீங்கிய பின்னரே மேன்முறையீடு செய்தற்கு அவர்க்கு உரிமை கிடைத்தது. அவ்வழி அவர் செய்த முறையீட்டை ஆராய்ந்த நடுவர், அவர்தம் அச்சம் நன்கு அடிப்படையுடையதாகவே இருந்ததென 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கண்டார். அவர்களை மீள அழைக்கவும் பணித்தார். அவ்வாண்டிலேயே அவர் ஐக்கிய இராச்சியத்துக்குத் திரும்பினர். இடைக்காலத்தில் அவருள் மூவர் இலங்கையில் வதைக்கு ஆளாயினர். இவ்வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்கும் சென்றது. அவர்க்கு அவ்வாறு நேருமென அமைச்சர் முன்னறிதற்குரிய தனிக்காரணம் அன்று இருந்திலதெனக் கொண்டு, உடன்படிக்கை மீறப்படவில்லை என அந்நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் தீர்ப்பளித்தது.

இவ்வரலாற்றில் ஒன்று நோக்கத்தக்கது. ஆட்கள் அவரே, அச்சமும் அதுவே. 1988ஆம் ஆண்டில் அடிப்படை போதாதெனப்பட்ட அச்சம் 1989ஆம் ஆண்டில் அடிப்படையுடையதாயிற்று. மாறியது அச்சமன்று, அதனை ஆராய்ந்த முறையும் ஆராய்ந்தவருமே. அடிப்படை என்பது கூற்றிடத்து இருப்பதொன்று. அடிப்படை உண்டு, இல்லை என்பது ஆராய்வோர் கூறும் கூற்று. இரண்டும் ஒன்றல்ல.

பின்னாளில் இவ்வடைமொழிக்கு மற்றுமோர் அடை சேர்ந்தது. ‘வெளிப்படையாகவே அடிப்படையற்ற’ கோரிக்கையெனச் சான்றளித்து, மேன்முறையீட்டு உரிமையைச் சுருக்கும் முறை ஐக்கிய இராச்சியச் சட்டத்திற் புகுந்தது. அச்சொற்றொடரின் பொருள் 2002ஆம் ஆண்டிற் பிரபுக்கள் சபையின் முன் வந்தபோது, முறையிட்டோர் மீண்டும் இலங்கைத் தமிழரே. முறையீடு தோற்றேதீரும் என்னுமளவுக்குச் சாரமற்றதே அங்ஙனம் சான்றளிக்கப்படலாம். அமைச்சர் கோரிக்கையையும் அதன் காரணங்களையும் கவனமாக நோக்குதல் வேண்டும். எனினும் அது முழு விசாரணையன்று, சல்லடையிற் சலித்தெடுத்தலையொத்தது என்பது அத்தீர்ப்பின் கருத்து. அவ்விருவர் முறையீடுகளும் தள்ளப்பட்டன. 2003ஆம் ஆண்டில், எந்நாட்டினரின் கோரிக்கைகள் மறுதலை காட்டப்பட்டாலன்றி அடிப்படையற்றனவாகவே கொள்ளப்படும் என வகுத்த நாட்டுப்பட்டியலில் இலங்கையும் சேர்க்கப்பட்டது. போர் மீண்டும் மூண்ட 2006ஆம் ஆண்டின் இறுதியில் அதனினின்றும் நீக்கப்பட்டது. ஆராய்ந்தபின் கூறவேண்டிய சொல், அப்பட்டியலில், ஆராயுமுன்னரே ஒரு நாட்டு மக்கள் அனைவர்மீதும் எழுதப்பட்டிருந்தது.

தமிழிற் பெயர்க்கும் முறை

மேற்கூறியவற்றால், ‘அன்ஃபவுண்டெட்’ என்பதனை ‘அடிப்படையற்ற’ எனப் பெயர்த்தலே சாலச் சிறந்ததெனத் துணியலாம். சான்று என்னும் பொருள் முனைப்பாகத் தோன்றவேண்டிய இடத்தில் ‘ஆதாரமற்ற’ என்பதும் ஏற்புடைத்து. ‘நிறுவப்படாத’, ‘உறுதிசெய்யப்படாத’ என்பன வேறு ஆங்கிலச் சொற்களுக்கு உரியன. அவற்றை ஈண்டு எழுதினால் மூலத்தின் கடுமை குறையும். ‘பொய்யான’ என எழுதினால் மூலம் கூறாததொன்றைக் கூறியவராவோம். ஓர் அரசாங்கம் ஒரு குற்றச்சாட்டை அடிப்படையற்றதென மறுத்தமையை, அக்குற்றச்சாட்டுப் பொய்யென மறுத்ததாக மொழிபெயர்ப்போர், அவ்வரசாங்கம் ஏற்றுக்கொள்ளாத பொறுப்பை அதன்மேல் ஏற்றுகின்றனர். அன்றியும், இன்னும் முடியாத வினாவை முடிந்ததாகப் படிப்போர்க்குக் காட்டுகின்றனர்.

மாணவர்க்குக் கூறவேண்டுவது இன்னும் ஒன்றுண்டு. பிறர் கூற்றை அடிப்படையற்றதெனக் கட்டுரையில் எழுதுமுன், அதற்கு அடிப்படையெனச் சொல்லப்பட்டதை நாம் நேரிற் கண்டோமா, கண்டபின் அது தாங்காதெனத் துணிந்தோமா எனத் தம்மையே வினவுதல் வேண்டும். ‘இஃது அடிப்படையற்றது’ என்பதும் ஒரு மேற்கோளே. மேற்கோளாயின் அதற்கும் ஏது வேண்டும். ஏதுக் காட்டாது அச்சொல்லை வழங்குவோர், தாம் பிறரிடத்துக் கண்ட குற்றத்தைத் தம்மிடத்தே கொள்வோராவர்.